தெரிந்த வேலை

எங்கள் பதிவுப் படிவத்தில் ‘ஏனைய திறமைகள்’ என்று ஒரு கட்டம் உண்டு. இலங்கை மலையகத்தில் தொழில் வழிகாட்டல் வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும், அதிகம் காலியாகத் திரும்பி வருவது அந்தக் கட்டம்தான் என்பார்கள். பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், படித்த வகுப்பு எல்லாம் நிரம்பியிருக்கும். அந்த இடத்தில் மட்டும் ஒரு கோடு கிழித்திருக்கும். சிலர் ‘இல்லை’ என்று எழுதியே கொடுப்பார்கள். ஏன் என்று கேட்டால், “கொழுந்து எடுக்கத் தெரியும் மிஸ், வேற ஒண்ணுந் தெரியாதுங்க” என்று பதில் வரும். என் பணிக்காலம் முழுவதும் அந்தக் கட்டத்தோடு மல்லுக்கட்டியதுதான்.

அம்பகமுவப் பக்கம், குறிப்பாக பொல்பிட்டிய, லக்சபான, நோர்ட்டன் பிரிட்ஜ், கினிகத்தேனை மக்களோடு எனக்குப் பழக்கம் அதிகம். மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் கூடிக் களனி கங்கையாகிற மூலை அது. 1969இல் 75 மெகாவாற்றோடு ஓடத் தொடங்கிய மின்நிலையம் பொல்பிட்டியவில் இருக்கிறது. அட்டன் பக்கத்துக் குளிரை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். பள்ளத்தில் புழுக்கமும் மழையும்தான். தேயிலைக்குப் பக்கத்திலேயே இறப்பர், கித்துள், சிங்களக் கிராமங்கள். இந்தப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள் சிங்களத்தை விளையாட்டிலேயே பிடித்துவிடுவார்கள். அதை ஒரு திறமை என்று படிவத்தில் எழுதியவரை நான் பார்த்தது அபூர்வம்.

எங்கள் மேசைக்கு யாரும் நல்ல காலத்தில் வருவதில்லை. 60 வயதாகித் தோட்டத்தில் பெயர் வெட்டுப்பட்டவர், சாதாரண தரத்தில் கணிதம் கைவிட்டவர், குவைத்திலிருந்து திரும்பியவர், புருசன் செத்துப்போனவர், முழங்கால் தேய்ந்து மலையேற முடியாதவர், 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் கொழும்புக் கடைகளிலிருந்து பையோடு லயத்துக்கு வந்து சேர்ந்த பையன்கள். ஒரு வாழ்க்கை முடிந்து அடுத்தது தொடங்காத இடைவெளியில் வந்து உட்கார்கிறார்கள். அந்த இடைவெளியில் மனிதருக்குத் தன்னிடம் இருப்பது கண்ணில் படாது. இல்லாதது மட்டும் பெரிதாகத் தெரியும்.

பயிற்சியில் எங்களுக்குக் கேள்விக்கொத்துகள் கொடுத்திருந்தார்கள். அமெரிக்க உளவியலாளர் ஜோன் ஹொலண்ட் வகுத்த ஆறு வகை விருப்பங்களை வைத்துத் தயாரித்தவை. நகரத்துப் பாடசாலை மாணவர்களிடம் நன்றாகவே வேலை செய்யும். தோட்டத்தில் அது நொண்டியது. ‘இயந்திரங்களுடன் வேலை செய்ய விருப்பமா?’ என்றால் “குடுத்தா செய்வேன் மிஸ்”. ‘மற்றவர்களை வழிநடத்த விருப்பமா?’ என்றாலும் அதே பதில். காலையில் ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் கங்காணி சொல்கிற மலைக்குப் போய், கணக்கப்பிள்ளை காட்டுகிற நிரையில் நின்று, தலைமுறை தலைமுறையாகக் கொடுத்த வேலையைச் செய்த சனத்திடம் போய் விருப்பத்தைக் கேட்டால் என்ன பதில் வரும்?

அதனால் விருப்பத்தை விட்டுவிட்டுச் செயலைக் கேட்கத் தொடங்கினேன். “நேத்து வெள்ளன எழும்பினதுல இருந்து படுக்கிற வரைக்கும் என்ன செஞ்சீங்க? ஒண்ணும் விடாமச் சொல்லுங்க.” என் கையில் இருந்த கருவி இந்த ஒரு கேள்விதான். இதுபோன்ற வழியை வேறொரு காலத்தில் வேறொருவரும் பிடித்திருந்தார் என்று பிறகு படித்தேன். இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய அமெரிக்கப் படையினருக்கு வேலை தேட உதவிய பேர்னார்ட் ஹால்டேன் என்பவர், நீ நன்றாகச் செய்து மகிழ்ந்த காரியங்களைச் சொல் என்று கேட்டு, கதைகளிலிருந்து அவர்களின் பலங்களைப் பொறுக்கி எடுத்தாராம். துப்பாக்கி பிடித்தவனுக்கும் கூடை சுமந்தவளுக்கும் சிக்கல் ஒன்றுதான் போலிருக்கிறது.

பொல்பிட்டியவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் ஓய்வுபெற்ற அம்மா ஒருவரோடு ஒரு முற்பகல் முழுவதும் இருந்த கதையைச் சொல்கிறேன். ஊழியர் சேமலாப நிதிப் பத்திரம் நிரப்ப மகளோடு வந்திருந்தார். “இனி என்னம்மா செய்யப் போறீங்க?” என்று கேட்டேன். “இனி என்னா, வீட்டுல கெடக்க வேண்டியதுதான்.” நான் நேற்றைய நாளைக் கேட்டேன். வேலையிலிருந்த கடைசி வாரத்தின் ஒரு நாளைச் சொல்லத் தொடங்கினார். நாலரைக்கு எழும்பி ரொட்டி தட்டியது, பேரனைப் பிள்ளை மடுவத்தில் விட்டது, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டியது, மலை ஏறியது. நான் இடையில் நிறுத்தி நிறுத்திக் கேட்டேன்.

“நிரையில நின்னதும் மொதல்ல என்ன பாப்பீங்க?”

“மரத்தப் பாப்பேன்.”

“மரத்துல?”

“போன ரவுண்டு யார் எடுத்தது, மட்டம் ஒழுங்கா இருக்கா, முத்தல் விட்டுட்டுப் போயிருக்காளான்னு பாப்பேன். மட்டக்கம்பு போட்டுப் பாக்க வேணாம் மிஸ், கண்ணு வச்சாலே தெரியும்.”

இரண்டு இலையும் ஒரு மொட்டும் கொண்ட கொழுந்து ஒன்றின் எடை ஏறத்தாழ ஒரு கிராம், பல நேரம் அதற்கும் கீழே. தோட்டத்துக்குத் தோட்டம் 18 கிலோ, 20 கிலோ என்று ஒரு நாளுக்கு அளவு வைக்கிறார்கள். அப்படியென்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ இருபதாயிரம் கொழுந்து அந்தக் கை வழியாகக் கூடைக்குப் போகிறது. எதை எடுப்பது, எதை அடுத்த சுற்றுக்கு விடுவது என்ற முடிவும் அத்தனை தடவை. இரண்டு கையும் இரண்டு பக்கம் வேலை செய்கின்றன. கண் அடுத்த மரத்தில் இருக்கிறது. கால் சரிவில், மழையில் ஊறிய கான் ஓரத்தில் நிற்கிறது. தொழிற்சாலையில் ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நாலரை ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அது எப்படி வந்து சேர்கிறதோ அந்தத் தரத்தைத் தாண்டி எந்த ஸ்டோராலும் நல்ல தூள் செய்ய முடியாது.

அந்த அம்மாவிடமிருந்து வந்த பெரிய விசயம் இதற்குப் பிறகுதான். “புதுசா பேர் பதிஞ்ச புள்ளைகள என் நிரைக்குப் பக்கத்துலதான் விடுவாங்க.” எவ்வளவு காலமாக என்று கேட்டேன். மகள் பிறந்த காலத்திலிருந்து. மகளுக்கு அப்போதே இரண்டு பிள்ளைகள். அந்தப் பிரிவில் இன்று கொழுந்து எடுக்கிற பெண்களில் பாதிப் பேர் அவரிடம் பழகியவர்கள். கங்காணி மாறினார், துரைமார் மாறினார்கள், புதுப் பிள்ளை மட்டும் அவருக்குப் பக்கத்திலேயே நின்றது. தோட்டத்துக்குத் தெரிந்திருந்திருக்கிறது. தோட்டத்துப் பதிவேடான செக்ரோலில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

குளவி விசயமும் சொன்னார். தோட்டங்களில் குளவி கொட்டி ஆட்கள் செத்திருக்கிறார்கள், அது சாதாரண ஆபத்தில்லை. கூடு எந்த மரத்தில் இருக்கிறது என்பதை மலைக்குப் போகும்போதே பார்த்து வைத்துக்கொண்டு, பருந்து தட்டிக் கூடு கலைந்தால் எந்தப் பக்கம் ஓடவேண்டும், யாருக்குப் படங்கைப் போர்த்தவேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். பிறகு சீட்டு. லயத்துப் பெண்கள் இருபது பேரின் சீட்டு அவர் கையில். கொப்பி இல்லை. யார் எந்த மாதம் எடுத்தார், யார் பாக்கி, யாருக்கு அவசரம் வந்து முறை மாற்றிக் கொடுத்தது, எல்லாம் தலைக்குள். மரண சகாய சங்கத்திலும் அவருடைய சொல்லுக்கு மதிப்பு.

கடைசியில் அந்தக் கட்டத்தில் நான் எழுதியது: கொழுந்துத் தரம் பார்த்தல், புதியவர்களுக்குப் பயிற்சி, சரிவு நிலத்தில் பாதுகாப்பாக வேலை நடத்துதல், குழுச் சேமிப்பு நிர்வாகம், தமிழும் சிங்களமும் பேசுதல். வாசித்துக் காட்டியபோது மகள்தான் தாயைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா சிரிக்கவில்லை, அழவில்லை. “சீட்டையும் எழுதுனீங்களா?” என்று மட்டும் கேட்டார். அவர் அதை மறைத்து வைத்திருந்தாராம், தோட்டத்துக்குத் தெரிந்தால் ஏசுவார்கள் என்று.

இன்று நாட்டின் தேயிலையில் பெரும்பங்கு சிறு தோட்ட உடைமையாளர்களிடமிருந்து வருகிறது. பொல்பிட்டியவைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்கள் உண்டு. கொழுந்து எடுக்க ஆள் கிடைக்காமல் தவிப்பவர்கள். அந்த அம்மா இப்போது அப்படி இரண்டு இடங்களில் வாரத்தில் சில நாட்கள் போகிறார். எடுப்பதைக் காட்டிலும் எடுக்கப் பழக்குவதற்குத்தான் அவரைக் கூப்பிடுகிறார்கள். கூலி பெரிதில்லை. ஆனால் என்ன கூலி என்று அவர் பேசி முடிவு செய்கிறார்.

எங்கள் தொழிலில் மோசமான பழக்கம் ஒன்று உண்டு, சும்மா புகழ்வது. கருத்தரங்குக்கு வருகிற பேச்சாளர்கள் சிலர் மண்டபம் நிறையத் தோட்டப் பெண்களை உட்காரவைத்து ‘உங்களுக்குள் ஒரு சிங்கம் உறங்குகிறது’ என்று முழங்குவார்கள். கைதட்டு விழும், சாப்பாட்டுப் பொதி வரும், பஸ் ஏறுவார்கள். மறுநாள் அந்தச் சிங்கத்தை எந்தத் தொழில் தருநரிடம் கூட்டிப்போவது? விவரமில்லாத புகழ்ச்சியை நான் இரக்கத்தின் இன்னொரு வடிவமாகவே பார்க்கிறேன். ஒருவரின் பலத்தை மதிக்கிறோம் என்றால் அதைப் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும். எங்கே, எப்போது, எதைச் செய்தார் என்று தெரிந்து சொல்ல வேண்டும்.

பார்த்துப் பெயர் சொல்வதற்கு அரசாங்கத்திலேயே ஒரு வழி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. தேசிய தொழிற் தகைமை, சனங்கள் என்.வி.கியூ. என்பது, 7 மட்டங்கள் கொண்டது. வகுப்புக்குப் போய்த்தான் அதை எடுக்கவேண்டும் என்றில்லை. வேலை செய்தே பழகியவர் நைட்டா போன்ற அரச பயிற்சி நிறுவனங்கள் மூலம் முன் அனுபவத்தைக் காட்டி விண்ணப்பிக்கலாம். சேவைக் கடிதம், படங்கள், செய்த பொருள் என்று சான்றுகளை ஒரு கோப்பாகச் சேர்க்க வேண்டும். மதிப்பீட்டாளர் வந்து செய்துகாட்டச் சொல்வார், கேள்வி கேட்பார். குறை இருந்தால் அந்தப் பகுதிக்கு மட்டும் பயிற்சி. எல்லாம் தேறாவிட்டாலும் தேறிய அலகுகளுக்குப் பதிவு கிடைக்கும். மேசன், வயரிங், சமையல், தையல், பராமரிப்பு வேலை என்று பல தொழில்களுக்கு இது உண்டு. பிரான்ஸில் 2002இலேயே அனுபவத்தைத் தகைமையாக ஏற்கும் உரிமையைச் சட்டமாக்கிவிட்டார்கள்.

இந்த வழியில் நான் அனுப்பியவர்களில் மறக்கமுடியாதவர் குவைத்திலிருந்து வந்த ஒரு தங்கச்சி. படிவத்தில் ‘வீட்டு வேலை’ என்று எழுதியிருந்தாள். நாள் கேட்டபோது வேறு கதை. பக்கவாதம் வந்து படுத்த படுக்கையான ஒரு கிழவியை ஆறு வருடம் பார்த்திருக்கிறாள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவைத்தது, குழாய் வழியாகச் சாப்பாடு கொடுத்தது, சீனி அளந்து இன்சுலின் போட்டது, மருந்து நேரம் பிசகாதது. ஆறு வருடத்தில் அந்தக் கிழவிக்குப் படுக்கைப் புண் வந்ததில்லை. அரபு பேச மட்டுமில்லை, மருந்துப் பெட்டியில் உள்ளதை எழுத்துக்கூட்டி வாசிக்கவும் பழகியிருந்தாள். “இது எல்லாரும் செய்யுறதுதானே மிஸ்” என்றாள். ஆஸ்பத்திரி வாட்டில் நிற்கிற தாதியிடம் கேட்டுப்பார், இது எல்லாரும் செய்கிறதா என்று சொன்னேன். அவளுடைய கைத்தொலைபேசியில் இருந்த படங்களும், அந்த வீட்டு மகள் அனுப்பிய குரல் செய்திகளுமே அவளுக்குச் சான்றுக் கோப்பாயின. முதலுதவிப் பகுதி மட்டும் குறைந்தது, அதைப் படித்து முடித்தாள். பராமரிப்பு உதவியாளர் சான்றிதழோடு இப்போது கண்டியில் வேலை. மறுபடி வெளிநாடு போவாளா என்று தெரியாது. போனால் வேறு தொழிலுக்கு, வேறு சம்பளத்துக்குப் போவாள்.

பையன்களிடம் இந்த முறை கொஞ்சம் முரண்டு பிடிக்கும். பெண்கள் தங்கள் நாளைக் குறைத்துச் சொல்வார்கள், பையன்கள் சொல்லவே மாட்டார்கள். கொழும்பு மளிகைக் கடையில் நின்று திரும்பிய ஒருவன் ‘சாமான் கட்டினேன்’ என்பதோடு நிறுத்திவிட்டான். கேட்கக் கேட்க, மூன்று மொழியில் வாடிக்கையாளரைச் சமாளித்தது, நூற்றுக்கணக்கான சாமானின் விலையைத் தலையில் வைத்திருந்தது, கடன் கொப்பியை முதலாளி அவனிடமே விட்டிருந்தது எல்லாம் வெளிவந்தன. இன்னொருவனிடம் எதுவும் பெயரவில்லை. கடைசியில் மாசி மாதத்துக் காமன் கூத்தைப் பற்றிப் பேச்சு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன்தான் அந்தத் தோட்டத்தில் ரதி வேசம். விடிய விடிய ஆடவேண்டும், பாட்டு முழுக்க மனப்பாடம், ஆட்களைச் சேர்த்து வாரக்கணக்கில் ஒத்திகை, சோடனை, வசூல். ஒரு நிகழ்ச்சியை முதலிலிருந்து கடைசிவரை நடத்துகிற ஆற்றல் அது. அவனை ஒரு மண்டப அலங்காரக்காரரிடம் அனுப்பினேன், ஒட்டிக்கொண்டான். கிதுல்கலையில் இறப்பர் படகு விடுகிற பையன்களைப் பற்றியும் எழுத ஆசைதான். நீரின் நிறத்தைப் பார்த்தே பாறையைச் சொல்கிற அந்தக் கண்ணைப் பற்றி எழுதினால் அது தனிக் கட்டுரையாகிவிடும்.

ஒருவரின் கையிலுள்ள தொழிலைப் பார்க்காமல் அடுத்த வாழ்க்கையைத் திட்டமிட்டால் என்ன ஆகும் என்பதை எங்கள் சமூகம் ஒரு தடவை பெரிய அளவில் அனுபவித்தது. 1964 ஒக்டோபரில் இலங்கையும் இந்தியாவும் கையெழுத்திட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி எங்கள் சமூகத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானது. போனவர்களில் ஒரு பகுதியினரை நீலகிரியில் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயில் குடியேற்றினார்கள். கேரளத்தில் புனலூர்ப் பக்கமும் கர்நாடகத்தில் சுள்ளியா, புத்தூர்ப் பக்கமும் இறப்பர்த் தோட்டங்களில் விட்டார்கள். அங்கும் கஷ்டம்தான், குறைகள் நிறைய. ஆனாலும் பழகிய கைக்குப் பழகிய வேலை கிடைத்தது. இன்னொரு பகுதியினருக்குச் சிறுவணிகக் கடன் கொடுத்து, பார்த்தேயிராத ஊர்களில் இறக்கிவிட்டார்கள். கவ்வாத்துக் கத்தியைத் தவிர எதையும் பிடித்தறியாத கையில் கடைச் சாவி. எங்கள் சொந்தத்திலும் அப்படிப் போன குடும்பம் உண்டு. கடன் பணம் சில மாதங்களில் கரைந்தது, பிறகு வழியில்லாமல் மலைக் காட்டுக் கூலிக்குப் போனார்கள். அவர்கள் சோம்பேறிகள் என்று அப்போது பேச்சு அடிபட்டதாம். நாற்று மேடை போடவும் கான் வெட்டவும் மரத்தைப் பார்த்து நோய் சொல்லவும் தெரிந்தவர்களை, உங்களுக்கு என்ன தெரியும் என்று யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

இதை எழுதும்போது ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டியிருக்கிறது. உங்களிடம் எவ்வளவு திறமை என்று பாராட்டிவிட்டுக் கூலியைப் பற்றி வாயைத் திறக்காத கூட்டங்கள் மலையில் நிறைய நடக்கின்றன. நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆக 2021 வரை போராட வேண்டியிருந்த சனம் இது. பலத்தை அறிவது உரிமைக் கோரிக்கைக்குப் பதிலாகாது. எனக்குத் தெரிந்தவரை, தன் வேலை என்னவென்று விவரமாகச் சொல்லத் தெரிந்தவர்தான் சம்பளப் பேச்சிலும் நிமிர்ந்து நிற்கிறார்.

கொண்டாட்டம் என்று வந்தால், தோட்டத்தில் சடங்குக்குப் பஞ்சமில்லை. பெரியபிள்ளையானால் சடங்கு, கல்யாணம், காதுகுத்து, கருமாதி. வேலையை விட்டு இறங்குகிற நாளுக்கு மட்டும் எதுவும் கிடையாது. உத்தியோகத்தர்களுக்குப் பிரியாவிடை நடக்கும், சுவர்க்கடிகாரம் கிடைக்கும், படம் எடுப்பார்கள். கூலிக்காரப் பெண் அன்று மாலை கூடையைக் கவிழ்த்துவிட்டு நடந்துபோவாள். நான் மேலே சொன்ன அம்மாவுக்கு அவருடைய கூட்டத்துப் பெண்களே ஒன்று செய்தார்கள். எங்கள் அலுவலகத்துக்கு அதில் பங்கில்லை, சொல்லியனுப்பினார்கள், போனேன். கொழுந்து மடுவத்தில் பணிசும் பிளேன்டீயும். மாலை இல்லை, மேடை இல்லை. அவரிடம் பழகிய ஒவ்வொருத்தியும் கற்றுக்கொண்ட ஒரு விசயத்தைச் சொல்லவேண்டும் என்று ஏற்பாடு. ஒருத்தி எழும்பி, “மொத நாளே என் கூடையக் கவுத்து முத்தல் எல்லாத்தையும் பொறுக்கச் சொன்னீங்க அக்கா. அன்னைக்கு ஒங்கள மனசுக்குள்ள திட்டுனேன்” என்றாள். “வாய்விட்டுத்தான் திட்டுன, எனக்குக் கேட்டுச்சி” என்றார் அம்மா. மடுவமே சிரித்தது. நான் கலந்துகொண்ட அரச விழாக்கள் எதிலும் இவ்வளவு துல்லியமான பாராட்டைக் கேட்டதில்லை.

வாசிக்கிறவர்களுக்கு, குறிப்பாகத் தோட்டத்தில் பெற்றோர் இருக்கிற பிள்ளைகளுக்கு, ஒரு வேண்டுகோள். அம்மாவோ அப்பாவோ ஓய்வுபெறும்போது சேமலாப நிதியையும், சேவைக்காலப் பணத்தையும் தேடி ஓடுகிறோம். சேவைக்காலப் பணத்தை வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்று கணக்குப் பார்த்துச் சரியாக வாங்குங்கள், அது அவர்கள் உழைத்த காசு. அதே நாட்களில் தோட்டக் காரியாலயத்தில் சேவைக் கடிதமும் கேளுங்கள். ‘தொழிலாளியாக வேலை செய்தார்’ என்ற ஒற்றை வரியை ஏற்காதீர்கள். கவ்வாத்து, நாற்று மேடை, மருந்தடிப்பு, ஸ்டோர் வேலை, பிள்ளை மடுவம், புதியவர்களைப் பழக்கியது என்று செய்த வேலைகளின் பெயர்களும் காலமும் அதில் இருக்கவேண்டும். அதற்கு முன் வீட்டில் ஒரு மாலை உட்கார்ந்து அவர்களின் ஒரு வேலைநாளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எழுதிக் கொண்டுபோனால் காரியாலயத்தில் தட்டச்சு செய்பவருக்கும் வேலை இலகு. சான்றிதழுக்கு விண்ணப்பித்தாலும், கிராமத்தில் கூலி பேசினாலும், அந்தக் கடிதம் உதவும். பணம் கைக்கு வருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பெயர் வெட்டுப்பட்டு ஒரு வருடம் போனால் பழைய செக்ரோல் புத்தகத்தைத் தேடிப் பார்க்க அங்கே யாருக்கும் நேரம் இருக்காது.